பதினோரு வரிசை

கையில் ஒரு கம்பித் துண்டு அகப்பட்டால் அண்ணி அதை வளைத்துவிடுவாள். ரொட்டிப் பொட்டலத்தின் வாயைக் கட்டியிருந்த கம்பி, பழைய நோட்டின் முதுகிலிருந்து கழன்ற கம்பி, துடைப்பத்தைச் சுற்றியிருந்த கம்பி, எதுவானாலும் சரி. கட்டை விரலின் மேல் வைத்து ஓர் அழுத்து. வளைந்த கம்பியின் இரண்டு காலும் சமமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு அது அவள் பைக்குள் போய்விடும். பேச்சு நிற்காது. கை செய்கிற வேலை அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பத்தொன்பது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், அண்ணனும் தங்கை நானும். ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், பதில் தெரியும், வாய் வராது. நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். சத்தமில்லாமல் நடப்பதால் அண்ணன் எனக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தான். அண்ணியும் அப்படியே கூப்பிட்டாள்.

முதல் வாரம் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய கம்பிகளையெல்லாம் அவள் வளைத்து வைத்துவிட்டாள். அண்ணன் அடுப்படி வாசலில் நின்று சிரித்தான்.

"ஏய், வீட்டுல இனிமே நேரா இருக்கிறது நான் ஒருத்தன்தான் போல."

"உங்களையும் வளைச்சுடலாம். கொஞ்சம் தடிமனா இருக்கீங்க, அதான் பாக்கிறேன்," என்றாள் அண்ணி.

அவள் பதினாலு வயதிலிருந்து ஒரு நர்சரியில் வேலை பார்த்தவள். பதியம் போடுவதுதான் அவளுடைய பகுதி. கிளையைத் தாழ்த்தி மண்ணோடு சேர்த்து, வளைத்த கம்பியால் குத்தி நிறுத்திவிட்டால், அது தாய்ச் செடியின் சாற்றைக் குடித்துக்கொண்டே தனக்கென்று வேர் விடும். ஒரு நாளைக்கு இருநூறு கிளை குத்துவாளாம். கம்பி போதாமல் வழியில் கிடப்பதையெல்லாம் பொறுக்குவாளாம். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

அண்ணன் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தான். ஒரு மேடு. மேட்டின் உச்சியில் தொட்டி, பம்ப் அறை, ஓர் ஆபீஸ். மேட்டின் பின்பக்கம் செங்குத்தான மண் சரிவு. சரிவின் அடியில் இரண்டு குடியிருப்பு அறைகள். ஒன்றில் பழைய குழாய்களைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மற்றதில் நாங்கள் இருந்தோம். முன்னறை, அடுப்படி, துணி காயப்போட ஓர் இடைவெளி. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் சரிவு தொடங்கிவிடும். மழை பெய்தால் சரிவிலிருந்து சேறு இறங்கி அடுப்படிச் சுவரில் சாயும். மழை விட்டதும் அண்ணன் அதை மண்வெட்டியால் வாரிக் கொட்டுவான். ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சரிவை மூட ஒரு செடி வந்தது. நானூற்று இருபது கன்றுகள், கறுப்புப் பையில். அட்டையில் எழுதியிருந்த நீளமான பெயரை ஆபீஸ் கிளார்க்கால்கூட வாசிக்க முடியவில்லை. அண்ணி பார்த்ததுமே, "இது படுக்கைச் செடி," என்றாள். நர்சரியில் அப்படித்தான் சொல்வார்களாம். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. தரையோடு தரையாகப் படுத்து நாலாபக்கமும் ஓடும். சின்னச் சின்ன இலை, தடிப்பாக, மெழுகு பூசியதுபோல. வெள்ளையாகப் பூத்து, கொத்துக் கொத்தாகச் சிவப்பு மணிகளாகக் காய்க்கும். குருவிகள் தின்னும், மனுஷன் வாயில் வைக்க முடியாது. வெயில், குளிர், காற்று, சத்தில்லாத மண் எதற்கும் அசையாது. ஒரே ஒரு சீக்குதான் அதற்கு, அளவுக்கு மீறிக் கவனித்தால் வருவது. உரம் போட்டால் ஊதிப்போய் நோய் பிடிக்கும், தண்ணீர் தேங்கினால் அழுகும்.

லாரியில் தண்ணீர் பிடிக்க வருகிற டேங்கர்காரர் அந்தச் செடியைப் பற்றி ஒரு பேச்சு வைத்திருந்தார். "படுத்துக்கிட்டே வேலை பாக்குதாம், அதுக்கு ஆபீஸ்ல மரியாதை. நாம நின்னுக்கிட்டே பாக்குறோம், நமக்கு ஒண்ணுமில்ல."

சரிவு வேலைக்கு நாலு பெண்களைச் சேர்த்தார்கள். தெரிந்தவள் என்று அண்ணியையும் சேர்த்துக்கொண்டார்கள். பதினாலு வரிசை, வரிசைக்கு முப்பது. ஒரு வரிசையின் இரண்டு கன்றுக்கு நடுவே மேல் வரிசையின் கன்று வரவேண்டும், அப்போதுதான் ஓடி வரும் தண்ணீர் எங்கேயாவது முட்டி நிற்கும். ஒன்றரை முழ இடைவெளி. ஒவ்வொரு குழிக்கும் கீழ்ப்பக்கம் மண்ணால் ஒரு உதடு. கன்றை வைத்து மண்ணைத் தள்ளிக் குதிகாலால் அமுக்கி, ஒரு சொம்புத் தண்ணீர். அவ்வளவுதான். அதன்பிறகு முழு வேலையும் களை எடுப்பதுதான். முதல் இரண்டு வருஷம் களைதான் ஜெயிக்கப் பார்க்கும், அந்த நேரத்தில் விட்டுவிட்டால் பிறகு செடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும் என்பாள் அண்ணி.

முதல் வருஷம் முடியும்போது அண்ணன் செத்துப்போனான். காலையில் பம்ப் போடப் போனவன் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி இருந்தான். இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவனுடைய சட்டை, பேன்ட், செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பெயர் எழுதிய காகிதத்தைக் கம்பியால் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணி கம்பியைப் பிரித்தாள். காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கம்பியைக் கட்டை விரலில் வைத்து அழுத்தினாள். இரண்டு காலும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

வந்தவர்கள் அவள் அழாததைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நானும் அழவில்லை, ஆனால் என்னை யாரும் கவனிக்கவில்லை. என்னைக் கவனிக்காமல் இருப்பது எல்லாருக்கும் பழக்கம்.

அந்த அறை அண்ணனின் வேலையோடு வந்தது. வேலை போனால் அறையும் போகவேண்டும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அண்ணிக்குப் போக இடமும் இல்லை. எனக்கு இருந்த இடம் அவள்தான். ஆபீஸில் இரக்கப்பட்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். சரிவு வேலையை அண்ணி பார்த்துக்கொள்ளட்டும். நட்டு மூன்று வருஷம் முடியும்போது இன்ஜினியரம்மா வந்து பார்ப்பார். சரிவு முழுக்க மூடி, மண் இறங்காமல் இருந்தால் அண்ணியின் வேலை நிரந்தரம், அறையும் அவளுக்கே. மூடாவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். கிளார்க் அதைப் படித்துக்காட்டினார்.

"புரிஞ்சுதாம்மா?"

"செடிக்குப் புரியணும்," என்றாள் அண்ணி. அண்ணன் போனபிறகு அவள் சொன்ன முதல் தமாஷ் அது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

சரிவு வேலைக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் அவருக்கு டேப்பு என்று பெயர். கெட்டவர் இல்லை. நாலு பெண்களையும் நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகக் கறுப்பு ஷீட் கொண்டுவந்தது அவர்தான். சரிவு முழுவதும் ஷீட்டைப் போர்த்தி, செடி நிற்கும் இடத்தில் மட்டும் ஓட்டை போட்டு, செடியை வெளியே இழுத்துவிட்டார்கள். களை முளைக்காது. ஆள் வேண்டாம். பார்க்கவும் சுத்தமாக இருந்தது.

அண்ணி அன்று மாலை ஆபீஸ் வாசலில் நின்று கேட்டாள். நான் உள்ளே மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், கிளை மண்ணத் தொடவேணாமா?"

"எதுக்கும்மா?"

"தொட்ட எடத்துலதான் அது வேர் விடும். நட்ட எடத்துல மட்டும் வேர் இருந்தா சரிவைப் பிடிக்காது சார். ஷீட்டு மேல ஓடிச்சுன்னா மேலதான் பச்சையா இருக்கும்."

டேப்பு ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "இதோ பாரும்மா. மூடியிருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு. களை இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு. வேருக்குக் கட்டமே கிடையாது. நீ ஏன் இல்லாத கட்டத்தை நிரப்புறே?"

அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் டேப்பு சாப்பிடப் போனபிறகு அவள் சரிவின் அடி வரிசையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் பாதி பிளேடு. ஒரு கிளையைத் தூக்கினாள். அதன் கீழே ஷீட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறினாள். கிளையின் அடிப்பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். கீறலுக்குள் அமுக்கி, பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் குத்தினாள். மேலே ஒரு பிடி மண், ஒரு கல். இலையைத் திருப்பி மேலே விட்டாள். ஒன்றும் தெரியவில்லை.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஷீட்டைக் கிழித்தால் வேலை போகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். டேப்புவின் மோட்டார் சைக்கிள் முன்பக்கச் சாலையில் ஏறுவது சரிவில் இருப்பவளுக்குத் தெரியாது, ஆபீஸ் முன்வாசலில் இருப்பவளுக்குத் தெரியும். அவர் வளைவில் திரும்பும்போது பின்ஜன்னலுக்கு வந்து வாளியைத் தரையில் ஒரு முறை தட்டுவேன். முதல் நாள் தட்டியதும் அண்ணி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பிளேடைப் பைக்குள் போட்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போது எனக்கு இன்னொரு கரண்டி அதிகம் வைத்தாள். அதோடு சரி.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அடி வரிசையிலிருந்து மேலே. ஒரு நாளைக்குப் பத்து கிளை, சில நாள் அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் குப்பைக்குக் கம்பி போனதே இல்லை. டேங்கர்காரர் சங்கதி தெரியாமலே அண்ணிக்கு லாரியில் கிடக்கும் கம்பிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். "என்னம்மா, இரும்புக் கடை வைக்கப் போறியா?" என்பார். "கூண்டு செய்யப் போறேன், உங்களப் பிடிச்சு அடைக்க," என்பாள். மற்ற நேரம் அவள் பேசுவதில்லை. சாப்பிடுவாள், தூங்குவதற்குப் படுப்பாள், படுத்தபடியே கூரையைப் பார்ப்பாள். அண்ணனின் செருப்பு வாசலில் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தூசு படிந்தால் நான் துடைத்து வைப்பேன்.

ஒருநாள் நானும் சரிவுக்குப் போனேன். முந்தின வருஷம் குத்திய கிளை ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கப் போனேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள்.

"இழுத்துப் பாக்காதே பூனை."

"வேர் பிடிச்சிருக்கான்னு..."

"அதான் கூடாது. உள்ள நூல் மாதிரி விட்டிருக்கும். நாம இழுத்தா அறுந்துடும். அப்புறம் அது மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பிடிச்சிருந்தா இலையே சொல்லும். நுனி தலை தூக்கும்."

பதினோரு வரிசை முடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. அவற்றில் கிளை நுனிகள் தலை தூக்கியிருந்தன. இரண்டு மழைக்காலத்தில் அடுப்படிச் சுவரில் ஒரு கைப்பிடிச் சேறுகூடச் சாயவில்லை. மேல் மூன்று வரிசை மட்டும் பாக்கி. அங்கே மண் மட்டமானது, செடி இளைப்பு, ஆபீஸ் ஜன்னலும் பக்கத்திலேயே. கடைசி நாலு மாதத்தில்தான் அண்ணி அந்த மூன்றையும் குத்தி முடித்தாள். இலை அடர்த்தி இல்லாததால் கம்பிகள் அங்கங்கே தெரிந்தன. புதுக் கம்பிகள் வெயிலில் மினுங்கின.

இன்ஜினியரம்மா வரப்போவதற்கு முந்தின நாள். அண்ணியைத் தலைமை ஆபீஸுக்கு ஏதோ கையெழுத்துக்காக வரச்சொல்லியிருந்தார்கள், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மத்தியானம் டேப்பு ஜன்னலில் நின்று வெளியே பார்த்தார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ன மேல பளபளன்னு? கம்பி மாதிரி இல்ல?"

நான் துணியை வாளியில் பிழிந்தேன்.

"நாளைக்கு அந்தம்மா இங்க நின்னுதான் பாப்பாங்க. போய்ப் பொறுக்கிப் போடு. குப்பை கிடந்தா என் பேர்தான் போகும்."

அவர் அதைக் குப்பை என்றுதான் நினைத்தார். நான் போகாவிட்டால் அவரே போவார். போனால் ஒரு கம்பியை இழுப்பார், கம்பியோடு கிளை வரும், கிளைக்குக் கீழே கீறல் தெரியும். அதை யோசித்துக்கொண்டே ஒரு காலி பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று வரிசையிலும் இருந்த கம்பிகள் அத்தனையையும் எடுத்தேன். எடுத்தபிறகு கிளை நிற்குமா என்று தெரியவேண்டியிருந்தது. நிற்காவிட்டால் கல்லையாவது பெரிதாக வைக்கலாம் என்று நினைத்தேன். அதனால் ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பார்த்தேன். சிலது வரவில்லை. நிறைய வந்தன. அடியில் வெள்ளையாக நூல் நூலாக இருந்தது, நுனி அறுந்திருந்தது. அவற்றைத் திரும்பக் கீறலுக்குள் வைத்து மண்ணை அமுக்கினேன். மேலே இலையைத் திருப்பிவிட்டேன். அண்ணி செய்ததுபோலத்தான் செய்தேன். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது.

சாயந்திரம் அண்ணி வந்தாள். கால் வீங்கியிருந்தது. சுடுதண்ணீரில் கால் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒருநாள் முடிஞ்சுட்டாப் போதும்," என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். நாளைக்கு முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று டப்பாவை என் துணிகளுக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் இன்ஜினியரம்மா மேலே வரவேயில்லை. அவருடைய வண்டி சரிவின் அடியில், எங்கள் அறை வாசலில் வந்து நின்றது. இறங்கினார், கீழேயிருந்தே பார்த்தார். மணிகள் பழுத்திருந்த சமயம். சரிவு முழுக்கப் பச்சையும் சிவப்புமாக இருந்தது.

"அழகா வந்திருக்கே," என்றார். செல்போனில் நாலு படம் எடுத்தார். "யாரும்மா பாத்துக்கிறது? நீங்களா? நல்லாருக்கு." டேப்பு காகிதத்தை நீட்டினார். இரண்டு கட்டத்திலும் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். வண்டி திரும்பிப் போனது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் இருக்கும்.

அண்ணி அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். அண்ணன் போனதிலிருந்து அவள் மூச்சு அப்படிச் சீராக வந்து நான் கேட்டதில்லை. அடுத்த நாளும் நான் சொல்லவில்லை. நிரந்தர உத்தரவு மேலே கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். அது வரட்டும் என்று இருந்தேன்.

உத்தரவுக்கு முன்னால் மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், அண்ணி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். யாரோ பெரிய பாயைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம். அடுப்படி ஜன்னல் கறுத்தது. பிறகு ஜன்னல் வழியாக மண் உள்ளே வந்தது, அவசரமே இல்லாமல். பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அண்ணி முதலில் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி முன்னறையில் வைத்தாள். அதன்பிறகுதான் வெளியே வந்தாள்.

மேல் மூன்று வரிசையும் ஷீட்டோடு சேர்ந்து ஒரே பாயாக வழுக்கி வந்திருந்தன. தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் புகுந்து மண்ணைக் கரைத்திருக்கிறது. கீழே இருந்த பதினோரு வரிசை அசையவில்லை. பெரும்பகுதி மண்ணை அவைதான் பிடித்து நிறுத்தியிருந்தன. அவற்றின் மேலே ஏறித் தாண்டி வந்ததுதான் எங்கள் அடுப்படிக்குள் வந்தது.

அண்ணி மழையில் மேலே ஏறினாள். சரிந்த பாயின் கிளைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இறங்கி வந்து குழாயில் கை கழுவினாள்.

"ஒரு கம்பிகூட இல்ல," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தும் சொல்லவில்லை. நான் சேற்றை வார முறம் தேடப் போனேன்.

அடுத்த வாரம் ஆபீஸில் விசாரணை. இன்ஜினியரம்மா, கிளார்க், டேப்பு, அண்ணி. நான் கூட்டுகிறவள் என்பதால் சுவரோரம் நின்றேன். இந்தத் தடவை இன்ஜினியரம்மா சரிவில் ஏறிப் பார்த்திருந்தார். ஷீட்டில் கீறல்கள் இருப்பதை மேஜையில் படமாக வைத்திருந்தார்.

"இது நீங்க பண்ணதா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"வேர் பிடிக்கட்டும்னு."

டேப்பு குறுக்கே பேசினார். "கிழிச்ச வழியாத்தான் மேடம் தண்ணி உள்ள போயிருக்கு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

இன்ஜினியரம்மா படங்களைப் புரட்டினார். "கீழயும்தான் கிழிச்சிருக்கு. அது நிக்குதே." அண்ணியைப் பார்த்தார். "மேல மட்டும் ஏன்மா பிடிக்கல?"

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. சேலை முந்தானையில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாள் போதலைங்க," என்றாள்.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கிளார்க் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. நான் சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்பில் நின்றதுபோலவே நின்றேன். என்ன சொல்லவேண்டும் என்று தெரியும்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் இன்ஜினியரம்மா.

தலையாட்டினேன். ஒரு டம்ளர் கொடுத்தார்கள். குடித்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் எழுதி முடித்திருந்தார்கள்.

நிரந்தர உத்தரவு திரும்பி வந்தது, கையெழுத்தில்லாமல். உத்தரவை மீறி ஷீட்டைச் சேதப்படுத்தியதால் அண்ணியின் வேலை முடிந்தது என்று இன்னொரு காகிதம். அறையைப் பத்து நாளில் காலி செய்யவேண்டும். சுவர் வெடித்த அறையில் எப்படியும் இருக்க முடியாது. என்னுடைய வேலையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் ஆபீஸைக் கூட்டினேன்.

சாமான் கட்டும்போது அண்ணி என் துணிகளை எடுத்தாள். டப்பா கையில் வந்தது. குலுக்கிப் பார்க்கவில்லை. திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்தாள். கால் ஒன்று கோணியிருந்தது. அதை நேராக்கி மறுபடி உள்ளே போட்டாள். மூடினாள்.

"இழுத்துப் பாத்தியா?"

"ம்."

"ம்," என்றாள். பிறகு, "எதுக்குத் தனியா வெச்சிருக்கே, பாத்திரத்தோட சேத்துக் கட்டு. குலுங்கிச் சத்தம் போடும்," என்றாள்.

சாமானை ஏற்ற டேங்கர்காரர் ஒரு சின்ன வண்டி பிடித்து வந்தார். சரிவைப் பார்த்து, "படுத்தே கிடந்த செடி எந்திரிச்சு நடந்துடுச்சே," என்று தொடங்கியவர், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை இறுக்கப் போய்விட்டார். அண்ணனின் செருப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மேல் மூன்று வரிசை இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் பூசியிருக்கிறார்கள். கீழே உள்ள பதினோரு வரிசையிலிருந்தும் ஷீட்டை உருவிவிடச் சொல்லிவிட்டார் இன்ஜினியரம்மா. உருவ முடியவில்லை, வேர் பிடித்திருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. யாராவது பார்க்க வந்தால் டேப்பு ஜன்னலில் நின்று, "வேர் எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க, இதுக்கு ஷீட்டெல்லாம் ஆகாது," என்று சொல்வார். நான் அவருக்குப் பின்னால் தரை துடைத்துக்கொண்டிருப்பேன். கவாத்து செய்ய ஆள் இல்லாததால் நடைபாதைமேல் கிளை ஓடிவருகிறது. மத்தியானம் யாரும் இல்லாதபோது வந்த கிளைகளை மட்டும் வெட்டிவிடுகிறேன், ஒன்றைக்கூட இழுப்பதில்லை.

அண்ணி ஊரின் மறுகோடியில் ஒரு நர்சரியில் தினக்கூலிக்குப் போகிறாள், பதியப் பகுதிக்கு. "உன் கை பட்டது மட்டும் ஏன் சாகவே மாட்டேங்குது?" என்று முதலாளி கேட்டாராம். அதை என்னிடம் சொன்னாள், சிரிக்கவில்லை. சரிவைப் பற்றி அவள் கேட்பதில்லை. சில நாள் நானாகச் சொல்வேன், பூ விட்டிருக்கிறது, மணி பழுத்திருக்கிறது, குருவி வந்திருக்கிறது என்று. "ம்," என்பாள்.

இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம், வாடகைக்கு, இரண்டாம் மாடியில். அடுப்பு ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது, வெளியே எதிர் வீட்டுச் சுவர். செருப்பு வாசலில் இருக்கிறது. பிஸ்கட் டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாள். டப்பாவில் இப்போது பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கிறது.